கழுதைத் தலைக்குள் ஒரு காது

கீரனூரில் அக்காவின் பியூட்டி பார்லருக்குள் போன எந்தப் பெண்ணும் முகத்தை மட்டும் காட்டிவிட்டு வந்ததில்லை. நாற்காலியைச் சாய்த்து, கண்ணை மூடச் சொல்லி, இமைக்கு ஒன்றாக வெள்ளரித் துண்டை வைத்துவிட்டு, "ம், சொல்லுங்க" என்பார். அவ்வளவுதான். மாமியார் பிடுங்கல், ஓரகத்தியின் புதுச் சங்கிலி, மாத்திரை போட்டும் நிற்காத தலைவலி, எல்லாம் அந்தப் பச்சை வட்டங்களுக்குக் கீழே இருந்து தானாக வெளியே வரும். நான் ஆண்பிள்ளை, உள்ளே போக முடியாது. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து என் பங்கைச் சொல்லியிருக்கிறேன்.

அவரைப் போலக் கேட்கிறவரை நான் பார்த்ததில்லை. நாம் பேச ஆரம்பித்ததும் கையில் இருக்கும் வேலையைக் கீழே வைப்பார். போனைக் கவிழ்த்துப் போடுவார். தலை கொஞ்சம் இடது பக்கம் சாயும். மற்றவர்கள் கேட்கும்போது, அடுத்து தாங்கள் எதைச் சொல்லலாம் என்று தேடிக்கொண்டிருப்பது முகத்தில் தெரியும். அக்காவின் முகத்தில் அந்தத் தேடல் இருக்காது. 'ஐயோ பாவம்' என்றுகூட நடுவில் சொல்ல மாட்டார். சொன்னால் சொல்கிறவர் நிறுத்திவிடுவார் என்பது அவருக்குத் தெரியும். எனக்கு அது வெகு தாமதமாகத்தான் தெரிந்தது.

சொந்த ஊர் ஆவூர். வயது முப்பத்தைந்தைத் தொட்டிருக்கும். சுற்றுவட்டாரத்துக்கே 'பார்லர் அக்கா'. பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் வருத்தப்பட மாட்டார், அதுதான் சிக்கல். அதையும் மேடையில் ஒரு வசனமாக்கிவிடுவார்.

என் தங்கச்சியின் கல்யாணத்துக்கு அலங்காரம் செய்ய வந்தபோதுதான் எனக்குப் பழக்கம். எங்கள் ஊர் குடுமியான்மலை. மண்டபத்தில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர்காரர் டீசல் வாங்கப் போயிருந்தார். பாதி முகத்துக்கு மட்டும் பவுடர் போட்டபடி தங்கச்சி வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பழப்பெட்டி அட்டையால் விசிறினேன். அவள் அழப்போகிறாள் என்று தெரிந்தது. அழுதால் மை கரையும். எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு, எந்த வேலையிலும் நிலைக்காமல் திரிந்துகொண்டிருந்தவனுக்கு அந்த நேரத்தில் கைகொடுத்தது ஒரே ஒரு சரக்குதான். நானூறு வருடத்துக்கு முன்னால் அந்த இங்கிலாந்து நாடகாசிரியர் எழுதிய ஒரு வேடிக்கைக் கதை. பாடப்புத்தகத்தில் முன்வழுக்கையும் மடிப்புக் காலருமாக எல்லோரும் பார்த்திருப்பார்களே, அவர்தான். காட்டில் வனதேவதைகளின் ராணி தூங்குகிறாள். அவள் இமையில் ஒரு பூவின் மாயச்சாற்றைப் பிழிந்துவிடுகிறார்கள். கண் விழித்ததும் முதலில் யாரைப் பார்க்கிறாளோ அவர்மேல் காதல் வந்துவிடும். அவள் பார்ப்பது கழுதைத் தலை முளைத்த ஒருவனை.

தங்கச்சி சிரித்துவிட்டாள். "அண்ணே, நான் கண்ணத் தெறக்கைல மாப்பிள்ளதான நிப்பாரு?" என்றாள்.

அக்கா பவுடர் பஃப்பை மேசைமேல் வைத்தார். கதை முடியும்வரை அதைத் திரும்ப எடுக்கவில்லை. முடிந்ததும், "அந்தக் கழுதை நான்தான்" என்றார். "நாடகமாப் போட்டுருவோம். நீ பாட்ட எழுது தம்பி. அந்த வாத்தியாரு பேரு என்ன சொன்ன?"

சொன்னேன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

"வாய்க்குள்ள நிக்க மாட்டேங்குது. சீமை வாத்தியார்னு வச்சுக்குவோம், விடு."

பிறகு நாங்கள் சேர்த்த நாடகக் குழுவிலும் அந்த நாடகாசிரியரின் பெயர் சீமை வாத்தியார்தான்.

நாடகத்துக்கு 'மாய மை' என்று பெயர் வைத்தோம். பூச்சாறு என்றால் நம் பக்கத்தில் யாருக்கும் பயம் வராது என்று நான்தான் மையாக மாற்றினேன். சீமை வாத்தியாரின் காடு நார்த்தாமலைக் காடாக மாறியது. பாட்டுகள் எல்லாம் என்னுடையவை, கீபோர்டும் நானே. நர்சிங் படிக்கும் ஒரு பெண் வனராணி. ரிதம் பேடுக்கு ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கும் ஓர் அண்ணன். ஆவூர் பள்ளிக்கூட ஹாலில் சாயங்காலம் ஒத்திகை. தேவதைகளுக்கு இறக்கை வேண்டுமே என்று நாங்கள் திண்டாடியபோது, ஈஸ்டருக்குப் போடும் இயேசுவின் பாஸ்கா நாடகத்தில் சம்மனசுகள், அதாவது தேவதூதர்கள், மாட்டுகிற இறக்கைகளை ஊர் மாதா கோயில் ஃபாதர் எடுத்துக் கொடுத்தார்.

"சம்மனசுங்க போடுற றெக்கை. பத்தரமாக் குடுத்துருங்க. கழுதைக்கு மட்டும் மாட்டிறாதீங்க" என்றார்.

"கழுதைக்கு றெக்கை மொளைச்சா அது ஏன் ஃபாதர் இந்த ஊர்ல நிக்குது?" என்றார் அக்கா. ஃபாதர் சிரித்துக்கொண்டே போனார். வாசல்வரை போய் நின்று, தனக்கு முதலில் பணி கொடுத்த ஊரில் இருந்து தானும் ஓடிப்போக நினைத்த கதையை அரைமணி நேரம் சொல்லிவிட்டுப் போனார். அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் எல்லாருக்கும் முழு வசனம் எழுதிக் கொண்டுபோனேன். கழுதைக்கு எழுதியதை மட்டும் அக்கா திருப்பித் தந்துவிட்டார்.

"பாட்டு இருக்கட்டும். பேச்ச மட்டும் வெத்தா விடு தம்பி."

"அப்ப என்னக்கா பேசுவீங்க?"

"நான் எங்க பேசப் போறேன். எந்த ஊர்ல போடுறமோ அந்த ஊரு பேசும்."

எப்படி என்பதைப் பிறகு, நான் கூட இருந்த இரண்டு ஆட்டங்களிலும், பார்த்தேன். ஆட்டம் ஏழு மணிக்கு என்றால் அவர் மத்தியானமே அந்த ஊரில் இறங்கிவிடுவார். மேடைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பையில் நூல்கண்டு. "வாங்க, புருவம் எடுத்துவிடுறேன், சும்மாதான்" என்று கூப்பிடுவார். முதலில் கல்லூரிப் பெண்கள் வருவார்கள், அப்புறம் அவர்களுடைய அம்மாக்கள். பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு வேலை செய்கிறவரால் பேச முடியாது. உட்கார்ந்திருக்கிறவர்கள்தான் பேச வேண்டும். விளக்கு போடுவதற்குள் ஊரின் பாதிக் கதை அக்காவிடம் வந்திருக்கும். பஞ்சாயத்துக் குழாயில் யார் வீட்டுக்கு மட்டும் தண்ணீர் வேகமாக வருகிறது, யார் ஊருக்குத் தெரியாமல் தலைமுடி நட்டுக்கொண்டு வந்திருக்கிறார், எல்லாம். ராத்திரி கழுதை வாயில் அவை வரும்போது சம்பந்தப்பட்டவர்களே கை தட்டுவார்கள்.

ரிதம் பேடு அண்ணன் தன் குறட்டையைப் பற்றி ஒருநாள் அவரிடம் சொன்னார். பொண்டாட்டி தாங்க முடியாமல் ஆட்டுக்கொட்டகையில் படுக்கச் சொன்னாளாம், காலையில் பார்த்தால் ஆடுகள் எல்லாம் வெளியே நின்றனவாம். அடுத்த ஒத்திகையிலேயே கழுதை அந்தக் கதையைத் தன் கதையாகச் சொன்னது. அண்ணன் சிரித்துச் சிரித்துத் தாளத்தை விட்டுவிட்டார். அப்புறம் பார்க்கிறவர்களிடம் எல்லாம், "அது என் மேட்டருங்க" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதனால் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. மேடையில் வருவது ஒரு மரியாதை என்றுகூட நினைத்தேன்.

இடையில் எங்கள் வீட்டில் ஒன்று நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை கல்யாணம் முடிந்த கையோடு தங்கச்சியை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுத் துபாய் போனார். முதலில் தினமும் போன். பிறகு வாரம் ஒருமுறை. பிறகு இல்லை. நம்பர் மாறிவிட்டதா, மனசு மாறிவிட்டதா, தெரியாது. அவருடைய ஊர் பொன்னமராவதி. அங்கே போய்க் கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும் என்று அம்மா கேட்கவிடவில்லை. அக்கம்பக்கத்தில், "மாப்பிள்ள என்ன அனுப்புனாரு?" என்று கேட்கிறார்களே, அதற்கு அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தார். நான் திருச்சிக்குப் போய், வெளிநாட்டுச் சாமான் விற்கிற கடையில் சாக்லேட், சோப்பு, சென்ட், தைல டப்பா என்று வாங்கி வர வேண்டும். கடை ஸ்டிக்கரைத் தேங்காயெண்ணெய் தொட்டுப் பிசுக்கில்லாமல் எடுத்துவிட்டு, மாப்பிள்ளை அனுப்பியது என்று தெருவுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் கொடுப்போம். தங்கச்சி அதை ஒவ்வொரு வீட்டுக்கும் சிரித்த முகத்தோடு கொண்டுபோய்க் கொடுப்பாள்.

ஒருநாள் திருச்சியிலிருந்து பையோடு நேராக ஒத்திகைக்கு வந்துவிட்டேன்.

"என்ன தம்பி, சென்ட் வாசம் தூக்குது? யாரு ஃபாரின்லேருந்து வந்துருக்கா?" என்றார் அக்கா.

"யாரும் வரலக்கா" என்றேன். அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். தலை சாய்ந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது உடம்பே லேசானது போல இருந்தது. பஸ் ஸ்டாண்டுவரை கூடவே நடந்து வந்தார்.

முதல் ஆட்டம் ஆவூரில், திருவிழாச் சமயத்தில். கூட்டம் நிறைந்து வழிந்தது. மை வேலை செய்தது, வனராணி கழுதையைக் கட்டிக்கொண்டாள், என் டூயட் முடிந்தது. ராணி கழுதைக்குப் பரிசாக ஒரு சென்ட் பாட்டிலைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் நான் எழுதியது. கழுதை பாட்டிலை வாங்கி, மூக்கருகே கொண்டுபோய், நெடுநேரம் முகர்ந்தது.

"ராணிம்மா, இது நெசமாவே ஒங்க வீட்டுக்காரரு வெளிநாட்டுலேருந்து அனுப்புனதா? இல்ல, திருச்சியில வாங்கி ஸ்டிக்கரப் பிச்சதா? தேங்காயெண்ணெ வாசம் அடிக்குதே."

நம் மாவட்டத்தில் தெருவுக்கு நாலு வீட்டில் ஆள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அது பக்கத்து வீட்டுக் கதை. ஆவூர் குலுங்கியது. என் விரல் தவறான கட்டையில் விழுந்து ஒரு அபசுரம் கேட்டது. கழுதை என் பக்கம் திரும்பி, "பாரு, பொட்டிக்கே பொறுக்கல" என்றது. இன்னொரு அலை சிரிப்பு.

இரண்டாவது ஆட்டம் எங்கள் ஊரில் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. பாறையிலேயே இசையைக் கல்வெட்டாக வெட்டி வைத்திருக்கும் ஊரில் என் கீபோர்டு பாட்டுகள் கேட்கப் போகின்றன என்ற குறுகுறுப்பில் நான்தான் பேசி முடித்திருந்தேன். இப்போது கீரனூர் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, எங்க ஊர்ல அந்த ஸ்டிக்கர் வசனம் வேணாங்க்கா. தங்கச்சி வருவா. அம்மா வரும். அக்கம்பக்கம் எல்லாம் வரும்."

"பேரா சொல்லப்போறேன்?"

"அவளுக்குத் தெரியும்ல. தாங்க மாட்டாக்கா."

அக்கா தலையைச் சாய்த்து என்னையே பார்த்தார். புரியவில்லையோ என்று பயம் வந்துவிட்டது எனக்கு. புரிய வைக்க வேண்டும் என்ற அவசரத்தில், வீட்டில்கூட யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். விளக்கு வைத்த பிறகு தங்கச்சி போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவாள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று புருஷனிடம் பேசுவாள். எதிர்முனையில் யாரும் கிடையாது. பக்கத்து மாடிகளுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக வெறும் போனில் பேசுகிறாள். எனக்குத் தெரியும் என்பதே அவளுக்குத் தெரியாது.

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. துப்பட்டாவால் துடைத்துக்கொண்டார்.

"என்ன பேசும் புள்ள?"

"சாப்டிங்களான்னு கேப்பா. அங்க வெயிலான்னு கேப்பா. கொஞ்சம் நிறுத்திட்டு, பதில் வந்த மாதிரி சிரிப்பா."

"எம்புட்டு நேரம் நிறுத்தும்?"

வேதனையில் கேட்கிறார் என்று நினைத்தேன். யோசித்து, சரியாகவே சொன்னேன். "ஒரு மூச்சு இழுத்து விடுற நேரம்க்கா. அப்பறம் சிரிப்பா."

என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த ஸ்டிக்கர் வசனத்த எடுத்துர்றேன் தம்பி. மாதா மேல சத்தியம்."

எங்கள் ஊர் ஆட்டத்தன்று சாயங்காலம் தூறல் பிடித்துக்கொண்டது. ஜனம் முந்தானையையும் சாக்கையும் தலையில் போட்டபடி உட்கார்ந்திருந்தது. மைக் கரகரத்தது. முதல் தேவதையின் இறக்கை கழன்று விழுந்தது. நான் உயிரைக் கொடுத்து எழுதிய தாலாட்டுக்கு ஒருவரும் கை தட்டவில்லை. பின்வரிசையில் ஆட்கள் எழுந்து போக ஆரம்பித்தார்கள். மூன்றாவது வரிசையில் அம்மா, தங்கச்சி, பக்கத்து வீட்டு அத்தை.

வனராணி சென்ட் பாட்டிலை நீட்டினாள். கழுதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டது. ஸ்டிக்கர் வசனம் வரவில்லை. நான் மூச்சு விட்டேன். கழுதை அதோடு நிற்கவில்லை. மேடை ஓரத்துக்கு வந்து, எழுந்து போகிற கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தது. பிறகு ஒரு போனை எடுத்துக் காதில் வைத்து, கம்பத்தில் சாய்ந்து நின்றது.

"ஹலோ. என்னங்க. சாப்டிங்களா?"

ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம். பிறகு கழுதை வெட்கப்பட்டுச் சிரித்தது.

"அங்கிட்டு வெயிலா? இங்கிட்டு மழைங்க."

மறுபடியும் அதே அளவு மௌனம். அதே சிரிப்பு. எழுந்து போனவர்கள் நின்றார்கள். வனராணி வந்து போனைப் பிடுங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல சிம்மே இல்லையே" என்றாள். அந்தப் பெண்ணுக்கும் அக்கா முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

"சத்தமாச் சொல்லாத ராணிம்மா, பக்கத்து மாடியில கேட்டுக்கிட்டிருக்காக" என்றது கழுதை.

போனவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். தூறலில் நனைந்தபடி ஊரே சிரித்தது. நன்றாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். நாடகம் முழுவதிலும் அதைவிட நல்ல காட்சி கிடையாது. பக்கத்து வீட்டு அத்தை சிரிப்புத் தாங்காமல் தங்கச்சியின் தொடையில் அடித்தார். தங்கச்சியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எல்லாரும் நிறுத்திய பிறகும் அவள் நிறுத்தவில்லை. பிறகு கையை எடுத்துவிட்டு, கழுதையைப் பார்க்காமல் கீபோர்டுக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்த்தாள்.

ஆட்டம் முடிந்து பின்னால் போனேன். அக்கா கழுதைத் தலையை மடியில் வைத்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க்கா?"

"நீ சொன்ன வசனத்தத்தான் எடுத்துட்டேனே தம்பி."

"அக்கா..."

"கூட்டம் எந்திரிச்சுப் போச்சு, பாத்தீல்ல? ஒம் பாட்டுக்கு ஒருத்தர் கை தட்டுனாகளா? நான் என்ன செய்ய?" துணியைக் கீழே வைத்துவிட்டு, நிஜமான அக்கறையோடு கேட்டார். "புள்ள சிரிச்சுச்சுல்ல? நான் பாத்தேன்."

அந்த முகத்துக்குக் கல்யாணத்தன்று மை எழுதியவர் அவர். மூன்றாவது வரிசையில் அதைக் கண்டுபிடிக்க அவருக்குக் கஷ்டம் இருந்திருக்காது. நான் கீபோர்டைக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அதன் பிறகு குழுவுக்குப் போகவில்லை.

மறுநாள் காலை தங்கச்சி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"மாடியில நான் பேசுறது ஒனக்கு எப்பலேருந்து தெரியும்ண்ணே?"

"ரொம்ப நாளா."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. அந்தக்காட்ட சொல்லியிருக்க."

ஈரச் சேலையை உதறிக் கொடியில் போட்டாள். பிறகு, "பொன்னமராவதிக்கு எத்தன மணிக்கு பஸ்?" என்றாள்.

அம்மா தடுத்தும் நிற்கவில்லை. நானும் கூடப் போனேன். சம்பந்தி வீட்டுக்குள் போகாமல் வாசலிலேயே நின்று மாமியாரைக் கூப்பிட்டாள். குழாயடியில் பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள்.

"அத்த, ஒங்க மகன் எனக்குப் போன் பண்றதே இல்ல. இதுவரைக்கும் நீங்க தின்ன சாக்லேட்டெல்லாம் எங்கண்ணன் திருச்சியில வாங்குனது."

அந்த அம்மா திகைத்துப் போய், "எங்களுக்கு ஞாயித்துக்கெழமையானாப் பண்றானே" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. குடங்கள் நிரம்பி வழிந்துகொண்டிருந்தன, யாரும் எடுக்கவில்லை. சாயங்காலத்துக்குள் பொன்னமராவதி முழுக்கத் தெரிந்துவிட்டது.

மூன்றாவது ஆட்டம் அதே பொன்னமராவதியில். கீபோர்டுக்கு வேறு ஆள். நடந்ததை ரிதம் பேடு அண்ணன்தான் போனில் சொன்னார். அன்று மத்தியானம் அக்காவுக்கு வேறொரு மணப்பெண் அலங்காரம் இருந்ததாம். புருவம் எடுக்கும் நாற்காலி போடவே இல்லை. நேராக மேடைக்குத்தான் வந்திருக்கிறார். கழுதை போனை எடுத்துக் காதில் வைத்தது. "சாப்டிங்களா?" என்றது. அளவு தப்பாமல் மூச்சு விடுகிற நேரம் நிறுத்திவிட்டுச் சிரித்தது. கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து 'த்சொ' என்று ஒரு சத்தம் வந்தது. ஒரு அம்மா எழுந்து, "அந்தப் புள்ள கதையத்தான் சொல்லுறாளா? நாசமாப் போக" என்றாராம்.

"அக்காவ அப்புடி நான் பாத்ததே இல்லப்பா" என்றார் அண்ணன். "ஒரு நிமிசம் முழிச்சுட்டு, போனத் தூக்கிப் போட்டுட்டு, என் கொறட்டைக் கதைக்குப் போயிட்டாக. அதுக்குத்தான் சனம் சிரிச்சுச்சு. எறங்குனதும் மொத வேலையா, இனிமே போன் சீன் கெடையாதுன்னு சொல்லிட்டாக."

அண்ணன் போனை வைத்த சற்று நேரத்தில் வாட்ஸப்பில் அக்காவிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

'தம்பி, ஒனக்காக அந்த போன் சீனை எடுத்துட்டேன்ப்பா. மனசு கேக்கல. புள்ள எப்படி இருக்கு? என்ன முடிவு பண்ணிருக்கு?'

நான் படித்துவிட்டேன் என்பதற்கான இரண்டு நீல டிக் அவருக்குப் போயிருக்கும். அவர் வேறு எதையும் எழுதவில்லை. ஆன்லைனில் இருப்பதாக மட்டும் வெகுநேரம் காட்டிக்கொண்டிருந்தது. நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார்.